நாங்கள் கவனித்தோம்

1

சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் ஆய்வுக்கூடத்துக் குசினியில் எனக்காக ஒரு கேக் வெட்டினார்கள். நான் இங்கே வேலைக்கு வந்து பத்து வருடம் முடிந்திருந்தது. இரண்டு வருடம், மூன்று வருடம் என்று நீட்டி நீட்டித் தந்த ஒப்பந்தங்களுக்குப் பிறகு, ஓய்வு பெறும்வரை இருக்கலாம் என்ற நியமனக் கடிதமும் அதே கிழமையில்தான் கைக்கு வந்தது.

ஜேர்மனியின் வடக்கே, காற்றும் தூறலும் ஓயாத ஒரு சின்ன நகரம் இது. இங்கே யாரும் நீளமாகப் பாராட்டமாட்டார்கள். எங்கள் குழுத்தலைவி உல்றிக்கா அன்றைக்கு வழக்கத்தை மீறி நான்கு நிமிடம் பேசினார்.

"குகன் நிறையக் கணக்குச் செய்து தந்திருக்கிறார். அது எல்லாருக்கும் தெரியும். நான் அவரை மதிப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. போன வருடம் தன் பட்டியலில் இருந்த பிழையை அவரே கண்டுபிடித்தார். அவரே வந்து சொன்னார். ஒப்பந்தம் முடிகிற நேரத்தில் எத்தனை பேர் அப்படிச் செய்வார்கள்? நியமனக் குழுவில் நான் முதலாவதாகச் சொன்னது இதைத்தான்."

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் சிரித்தேன்.

அந்தப் பிழையை நான் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தவள் நெடுங்கேணியில் இருக்கிறாள். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களில் சிலர் அவளிடம் இரசாயனவியல் படித்தும் இருக்கலாம். அதனால்தான் இதை எழுத எனக்கு இத்தனை நாள் எடுத்தது.

2

முதலில் என் வேலை என்னவென்று சொல்லவேண்டும். அம்மா இருந்தவரை, "அவன் வானத்தைப் பாக்கிற வேலை" என்று ஊரில் சொல்லிவந்தா. நான் ஒருநாளும் வானத்தைப் பார்ப்பதில்லை. இங்கே பார்ப்பதற்கு முகிலைத் தவிர ஒன்றுமில்லை.

நட்சத்திரங்களுக்கு இடையே வாயுவும் தூசியும் சேர்ந்த பெரிய முகில்கள் இருக்கின்றன. அவற்றில் என்ன இருக்கிறது என்று அள்ளிவந்து பார்க்க முடியாது. ஆனால் ஒவ்வொரு மூலக்கூறும் சுழலும்போது, தனக்கென்று உள்ள சில அலைநீளங்களில் மட்டும் கதிர் விடுகிறது. வரைந்து பார்த்தால் கோடு கோடாகத் தெரியும். அதுதான் அதன் நிறமாலை. எந்த மூலக்கூறின் கோடு எங்கே விழும், எவ்வளவு பலமாக விழும் என்று முன்கூட்டியே கணித்துப் பட்டியல் போட்டுக் கொடுப்பது என் வேலை. மூன்று அணு, நான்கு அணு உள்ள சின்ன மூலக்கூறுகள்தான். தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் தாங்கள் பிடித்த கோடுகளை என் பட்டியலோடு ஒப்பிட்டு, இது இன்னது, இத்தனை அளவு இருக்கிறது என்பார்கள். பட்டியல் பிழைத்தால் அவர்கள் சொல்வதும் பிழைக்கும்.

பிழையைக் கண்டுபிடித்த சிவமலரும் நானும் யாழ்ப்பாணக் கம்பஸில் ஒரே பிரிவு. எங்கள் வீடு முத்தையன்கட்டில். யாழ்ப்பாணத்தில் இருந்து குளத்துக் காணிக்கு வந்து நெல் விதைத்த குடும்பம். அவளுடையது நெடுங்கேணி. போர்நிறுத்தத்தில் பாதை திறந்திருந்த அந்தச் சில வருடங்களில் விடுமுறைக்கு ஒரே பஸ்ஸில் வருவோம். முகமாலைச் சோதனைச் சாவடியில் இறங்கிப் படிவம் நிரப்ப என்னிடம் ஒருநாளும் பேனை இருந்ததில்லை. என் படிவத்தையும் அவளே நிரப்புவாள். நான் மாங்குளத்தில் இறங்கிவிடுவேன். அவள் புளியங்குளம் வரை போய் அங்கே நெடுங்கேணி பஸ்ஸுக்கு நிற்பாள்.

குவாண்டம் பாடத்தில் நான் கொடுத்த ஒப்படைகளில் பாதிக்கு மேல் அவளுடைய கொப்பியைப் பார்த்து எழுதியவை. அவளுக்கு முதல் வகுப்பு வந்தது. எனக்கு அடுத்த வகுப்பு. போர் மூண்டு பாதை மறுபடி பூட்டியபோது நான் கொழும்பில் விசாவுக்கு நின்றேன். அவள் வீட்டுக்குப் போயிருந்தாள். பிறகு நடந்ததை நான் அவளிடம் விரிவாகக் கேட்டதில்லை. இடது கையில் இரண்டு விரலுக்கு உணர்ச்சி இல்லை என்பது மட்டும் தெரியும். முகாமில் இருந்து வெளியே வந்து ஆசிரியை ஆனாள். இப்போது உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறாள்.

3

போன வருடத்துக்கு முதல் வருடம் மார்கழியில், எங்கள் பழைய கம்பஸ் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் என் புதிய பட்டியல்களின் இணைப்பைப் போட்டேன். யாரும் இலவசமாக எடுக்கலாம். பெருமைக்குத்தான் போட்டேன். பதினொரு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். திறந்து பார்த்தவள் மலர் ஒருத்திதான்.

ஒரு மாதம் கழித்து அவளிடமிருந்து குரல் செய்தி வந்தது. ஒரு கையால் அடிப்பது கரைச்சல் என்பதால் அவள் அநேகமாகப் பேசித்தான் அனுப்புவாள். பின்னால் தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தம்.

"குகன், நான் மலர். உம்மட பைல் எல்லாத்தையும் ஒவ்வொண்டா வரைஞ்சு பாத்தனான். மற்றதெல்லாம் வடிவா வந்திருக்கு. அந்தக் கந்தக மூலக்கூறில பார ஐதரசன் போட்டிருக்கிறீரெல்லோ, அந்தப் பைலில பலமா வரவேண்டிய கோடுகள் மெலிஞ்சு கிடக்கு. மெலிய வேண்டியது பலமா நிக்குது. சாதாரண ஐதரசனுக்குப் போடுற மூண்டுக்கு ஒண்டை நீர் இதுக்கும் போட்டிட்டீர் எண்டு நினைக்கிறன். இதுக்கு ரெண்டுக்கு ஒண்டு. அதுவும் மற்றப் பக்கம். நான் பிழையா விளங்கியிருந்தா குறை நினைக்காதையும்."

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். மூலக்கூறில் ஒரேமாதிரி இரண்டு ஐதரசன் அணுக்கள் இருந்தால், அதன் கோடுகள் இரண்டு குடும்பமாகப் பிரியும். ஒரு குடும்பம் மற்றதைவிட மூன்று மடங்கு பலமாக இருக்கும். அந்த ஐதரசன்களை எடுத்துவிட்டுப் பாரமான ஐதரசன்களைப் போட்டால் விதி மாறும். பலம் மற்றக் குடும்பத்துக்குப் போகும். அதுவும் இரண்டு மடங்குதான். மூன்றாம் வருடப் பாடம் இது. நான் பழைய கணினி நிரலைப் பிரதி எடுத்து, அணுவின் நிறையை மட்டும் மாற்றியிருந்தேன்.

அவள் சொன்னது சரியா என்று பார்க்க ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. அந்த ஒரு வரியைத் திறந்தேன். மூன்று, ஒன்று என்று அங்கே இருந்தது.

"நீர் சொன்னது சரி, மலர்" என்று எழுதினேன்.

"அப்ப திருத்துவீர்தானே?"

"ஓம். உடன."

4

பத்தொன்பது நாள் நான் ஒன்றும் செய்யவில்லை.

வேறொரு நாட்டில் ஒரு குழு என் பட்டியலை வைத்து, ஒரு குளிர்ந்த முகிலில் அந்தப் பார மூலக்கூறு எதிர்பார்த்ததைவிட இரண்டரை மடங்குக்கு மேல் இருக்கிறது என்று கண்டிருந்தது. ஏன் இவ்வளவு என்று பெரிய விளக்கம் எழுதிக் கட்டுரையை அச்சுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த அதிகம் முழுவதும் என் ஒரு வரியில் இருந்து வந்தது. என் ஒப்பந்தம் அடுத்த வருடத்தோடு முடிய இருந்தது. நிரந்தரமாக்குவதா என்று பார்க்கும் குழு அந்த மாதம்தான் கூடத் தொடங்கியது. ஒவ்வொரு காலையும் இன்றைக்குச் சொல்கிறேன் என்று சைக்கிளில் ஏறுவேன். பின்னேரம் சொல்லாமல் திரும்புவேன். அந்தக் கட்டுரை அச்சாகிவிட்டது.

இருபதாம் நாள் உல்றிக்காவின் அறைக்குப் போனேன். ஜேர்மன் மொழியில் ஆளே இல்லாமல் ஒரு வசனம் பேச முடியும். நம் மொழியிலும் முடியும், "தெரிய வந்தது" என்கிறோமே, அதுபோல. நான் அப்படித்தான் சொன்னேன். "பட்டியலில் ஒரு பிழை இருப்பது தெரிய வந்திருக்கிறது."

அவர் முகம் வெளிறியது. கணக்கைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "மறுபடி ஓட்டிப் பார்த்தீர்களா? நல்லகாலம் நீங்களே பிடித்தீர்கள்" என்றார்.

இல்லை என்று சொல்ல ஒரு விநாடி இருந்தது. அந்த விநாடியில் நான் தலையை ஆட்டினேன்.

திருத்தக் குறிப்பை நான்தான் எழுதினேன். அப்போதும் மலரின் பெயரைச் சேர்க்கத்தான் நினைத்தேன் என்பதை நம்புங்கள். பட்டியலை வெளியிட்ட சஞ்சிகையின் இணையப் படிவத்தில் ஒவ்வொரு கட்டுரை ஆசிரியருக்கும் நிறுவனத்தைப் பட்டியலில் இருந்து தெரிவுசெய்ய வேண்டும். நெடுங்கேணிப் பாடசாலை ஒன்று அதில் எங்கே இருக்கும்? குடும்பப் பெயர் கட்டாயம் என்றது. அவளுக்குத் தகப்பனின் பெயரில் ஒரு எழுத்துத்தான் முன்னால் இருக்கிறது. இருபது நிமிடம் அந்தப் படிவத்தோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் விட்டுவிட்டேன். படிவம் விடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் குறிப்பின் அடியில் நன்றி சொல்வதற்கு ஒரு இடம் இருந்தது. அதற்குப் பட்டியலும் இல்லை, கட்டாயமும் இல்லை. எந்தப் பெயரையும் எழுதலாம். அதை நான் வெறுமையாக விட்டேன். பெயர் போட்டால் உல்றிக்கா யார் இது என்று கேட்பார்.

முதல் வசனம் இப்படித் தொடங்கியது: "எமது பட்டியலில் ஒரு பிழை இருப்பதை நாங்கள் கவனித்தோம்."

5

சித்திரை வருடப்பிறப்புக்கு அடுத்த கிழமை மலர் எழுதினாள். இந்த முறை குரல் இல்லை, எழுத்து. ஒரு கையால் அடித்தது.

"திருத்தம் பாத்தனான். நாங்கள் கவனித்தோம் எண்டு போட்டிருக்கிறீர். அந்த நாங்களுக்குள்ள நான் இருக்கிறனா?"

நான் அப்போது பஸ்ஸில் இருந்தேன். "ஓம், பொதுவாத்தான் போட்டது. இஞ்ச அப்பிடித்தான் எழுதுறது. உமக்குப் பெரிய நன்றி" என்று எழுதி, கும்பிடும் கைகளின் படம் ஒன்றையும் போட்டேன்.

அரை மணித்தியாலம் கழித்துப் பதில் வந்தது.

"விளங்குது. நீங்கள் வேலையாய் இருப்பியள். கரைச்சல் தரேல்லை."

இருபத்தைந்து வருடமாக அவள் என்னை நீர் என்றுதான் கூப்பிட்டவள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. வேறு இடத்தில் இருந்து வாசிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: நீர் என்பது கூடப் படித்தவருக்குச் சொல்வது. நீங்கள் என்பது கந்தோரில், அதாவது அலுவலகத்தில், இருக்கும் ஐயாவுக்கு.

பிறகு அவள் எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

6

கேக் வெட்டிய மறுநாள் சனிக்கிழமை. மகள் மதுராவைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டு வெளியே காரில் இருந்தேன். ஒரு ஜேர்மன் பாடசாலையில் நான்கு அறையை வாடகைக்கு எடுத்து நடக்கும் வகுப்பு. அவளுக்குப் பதினான்கு வயது. ஒவ்வொரு சனியும், "இது யாருக்கு, எனக்கா, உங்களுக்கா?" என்று ஜேர்மனில் கேட்டுவிட்டுத்தான் இறங்குவாள். ஊரில் அப்போது பின்னேரம். மலருக்கு அழைப்பெடுத்தேன். எடுக்கமாட்டாள் என்று நினைத்தேன். எடுத்தாள்.

"சொல்லுங்கோ."

"மலர், நான் உமக்குச் செய்தது பிழை."

பின்னால் ஒரு உழவு இயந்திரம் போகும் சத்தம் கேட்டது.

"இப்ப ஏன் அதைக் கதைக்கிறியள்?"

வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். நியமனக் கடிதத்தையும் சொன்னேன். மறைக்கவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, "எனக்கும் ஒரு நேர்முகம் நடந்தது" என்றாள். "ஆடி மாசம். மேற்படிப்புக்குப் போட்டிருந்தனான். சம்பளத்தோட லீவு தருவினம். ரெண்டு வருஷம் ஆராய்ச்சி."

"எனக்குத் தெரியாது."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்? மூண்டு பேர் இருந்தவை. ஏதாவது ஆராய்ச்சி செய்திருக்கிறீங்களோ எண்டு கேட்டினம். நான் வெளிநாட்டுப் பட்டியல் ஒண்டில பிழை கண்டுபிடிச்சனான், அவை திருத்தினவை எண்டு சொன்னன். வேற என்னத்தைச் சொல்ல? ஒருத்தர் அதிலேயே போனை எடுத்துத் தேடினார். வாசிச்சார். இதில உங்கட பேர் இல்லையே மிஸ் எண்டார். மற்றவர் சிரிச்சார்."

"மலர், நான் எழுதின மெசேஜ் இருந்ததுதானே. நீர் சொன்னது சரி எண்டு... அதைக் காட்டியிருக்கலாமே?"

சொல்லி முடிக்கும்போதே அது எவ்வளவு கேவலமான கேள்வி என்று எனக்குத் தெரிந்தது.

"காட்டியிருக்கலாம்" என்றாள். "போன் பையுக்குள்ளதான் கிடந்தது. போனைத் திறந்து, இஞ்ச பாருங்கோ சேர், என்ர சினேகிதன் எழுதியிருக்கிறார் எண்டு காட்டச் சொல்லுறியளோ? என்னால ஏலாமப் போச்சு. எழும்பி வந்திட்டன். வவுனியாவால திரும்பி வரேக்க பஸ்ஸில யோசிச்சுக்கொண்டு வந்தனான். புளியங்குளம் வரேக்க, நான் பொய்தான் சொன்னனானோ எண்டு எனக்கே சந்தேகம் வந்திட்டுது. வீட்ட வந்து உங்கட பைலைத் திரும்ப வரைஞ்சு பாத்தனான். பிழை இருந்தது. அதுக்குப் பிறகுதான் சாப்பிட்டனான்."

அடுத்த முறை விண்ணப்பிக்கலாமா என்று கேட்டேன். வயதெல்லை நாற்பத்தைந்து என்றாள். எனக்கு அவளுடைய வயது தெரியும். இருவரும் ஒரே வருடம்.

அந்த நேரம் வகுப்பு முடிந்து மதுரா வந்து காருக்குள் ஏறினாள். காரில் பேச்சு ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருந்தது. அவள் குனிந்து தன் வகுப்புத் தமிழில், "வணக்கம். நீ யார்? நீ அப்பாவின் ஆசிரியரா?" என்று கேட்டாள்.

இங்கே அவள் வளர்ந்த மொழியில் வீட்டாரையும் குடும்ப நண்பர்களையும் அப்படித்தான் கேட்பார்கள். "மதுரா, நீங்கள் எண்டு சொல்லு!" என்று அதட்டினேன்.

மலர் சிரித்தாள். அந்த அழைப்பில் அவள் சிரித்தது அப்போதுதான். "பிள்ளையைப் பேசாதேங்கோ. ஓம் பிள்ளை, ஒரு காலத்தில உங்கட அப்பா என்ர கொப்பியைப் பாத்துத்தான் எழுதினவர். அப்ப ஆசிரியர்தானே."

"இப்பவுமா?" என்று கேட்டாள் மதுரா.



7

திங்கட்கிழமை காலை உல்றிக்காவின் அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். இந்தமுறை வசனத்தில் ஆட்கள் இருந்தார்கள். அவள் கண்டுபிடித்தாள். நான் மறைத்தேன். பத்தொன்பது நாளையும் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "எல்லாருக்கும் முன்னால் என்னை அப்படிப் பேசவைத்தீர்கள்" என்றார். பிறகு, "நியமனம் நியமனம்தான். அதை யாரும் பறிக்கமுடியாது. ஆனால் இனி உங்கள் பட்டியல்களை வேறொருவர் பார்க்காமல் வெளியே விடமாட்டேன்" என்றார். சரி என்றேன்.

சஞ்சிகையின் உதவி மையத்துக்கு நான்கு வரிக் கடிதம் எழுதினேன். இரண்டு நாளில் ஒரு பெண் பதில் எழுதினார். பட்டியலில் இல்லாத நிறுவனத்தைத் தாங்களே கையால் சேர்ப்பார்களாம். குடும்பப் பெயர் இல்லாதவர்கள் நிறையப் பேர் எழுதுகிறார்களாம். அவ்வளவுதான். ஒரு வருடத்துக்கு மேல் நான் சாட்டாக வைத்திருந்த காரணம் இரண்டு நாளில் தீர்ந்தது.

அச்சிடுமுன் மலரிடம் சம்மதம் கேட்டேன். "போடுங்கோ. முதலே போட்டிருக்க வேண்டியது" என்று எழுதினாள். இரண்டாவது திருத்தம் சென்ற மாதம் வந்தது. பிழையைக் கண்டவர் யார் என்று அதில் அவள் பெயரும் பாடசாலையின் பெயரும் இருக்கின்றன. நேர்முகம் நடத்திய இடத்துக்கு அதை அனுப்பிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். வயது அவர்களுக்காக நிற்காதே என்றாள்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். சென்ற கிழமை செவ்வாய் உல்றிக்கா ஒரு கடிதத்தை என் மேசையில் வைத்தார். மலர் அவருக்கு நேரே எழுதியிருந்தாள், ஆங்கிலத்தில், இரண்டு பக்கம். எனக்குப் பிரதி இல்லை. என் வேறு பட்டியல்களில் மூன்று பிழை இருக்கக்கூடும் என்று ஒவ்வொன்றாக விளக்கியிருந்தாள்.

"வெள்ளிக்குள் பதில் எழுதுங்கள்" என்றார் உல்றிக்கா. "எனக்கும் பிரதி போடுங்கள்."

முதலாவது பிழைதான். இரண்டாவதும் பிழைதான், சின்னது. மூன்றாவதில் நான் சிக்கினேன். எப்படிப் பார்த்தாலும் என் கணக்குச் சரியாக வந்தது. அவள் ஒரு குறியைத் தவறாக எடுத்திருந்தாள். மூன்று நாள் அதையே திரும்பத் திரும்பச் செய்தேன். அவள் சொன்னது சரியாக வந்துவிடக்கூடாதா என்று இருந்தது. வரவில்லை. மூன்றும் சரி என்று எழுதிவிட்டால் என்ன என்றுகூட ஒரு கட்டத்தில் யோசித்தேன். அது அவளுக்குச் செய்யும் இன்னொரு பொய். வெள்ளி காலை எழுதினேன்: முதல் இரண்டும் என் பிழைகள், நீங்கள் கண்டது சரி, மூன்றாவது பிழை இல்லை, காரணம் இது.

அன்று பின்னேரமே எங்கள் இருவருக்கும் அவள் பதில் வந்தது. முதல் இரண்டையும் ஏற்றதற்கு நன்றி. மூன்றாவதைப் பட்டியலின் ஆசிரியருடைய சொல்லை மட்டும் வைத்து என்னால் ஏற்க முடியாது. கணித்த படிகள் முழுவதையும் அனுப்பவும்.

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதினேன். அறுபத்திரண்டு பக்கம். திங்கள் அனுப்பினேன். பாடசாலையில் தவணைப் பரீட்சை நடக்கிறது, விடைத்தாள்கள் திருத்தி முடிந்த பிறகு பார்ப்பேன் என்று ஒரு வரி எழுதியிருக்கிறாள்.